ட்ரம்பெட் சாயாமல் நிற்க: முதல் ஸ்டாண்டு வாங்குகிறவர்களுக்கு

1953 ஜனவரி 6. நியூயார்க்கின் மன்ஹாட்டனில் ஸ்னூக்கீஸ் என்றொரு கிளப். அமெரிக்க ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லஸ்பி தன் மனைவி லொரேனின் பிறந்தநாளுக்கு அங்கே விருந்து வைத்திருந்தார். ட்ரம்பெட்டை மேடையில் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு அவர் நகர்ந்த நேரத்தில், ஸ்டம்ப், ஸ்டம்பி என்ற நகைச்சுவை நடன ஜோடி மேடையில் ஒருவரையொருவர் தள்ளி விளையாட, ஒருவர் ட்ரம்பெட்டின் மேலேயே விழுந்துவிட்டார். கில்லஸ்பி திரும்பி வந்து பார்த்தால் அதன் விரிந்த வாயான பெல் மேல்நோக்கி வளைந்து நிற்கிறது. ஊதிப் பார்த்தார், சத்தம் தன் காதுக்கே நன்றாகக் கேட்கிறது என்று அவருக்குப் பிடித்துப்போயிற்று. பிறகு 45 டிகிரி வளைத்தே ட்ரம்பெட் செய்து வாங்கிக்கொண்டார்.

நமக்கு அந்த யோகமெல்லாம் கிடையாது. நம் ட்ரம்பெட் விழுந்தால் ஒடுக்கு விழும், அவ்வளவுதான். எனக்கு நடந்தது மேடையில்கூட இல்லை, வீட்டு ஹாலில். டேபிள் ஃபேன் காற்றில் நோட்ஸ் தாள் பறந்தது. அதைப் பிடிக்கத் திரும்பியபோது முழங்கை இலேசாகப் பட்டது. மூன்று கால் ஸ்டாண்டு, பஞ்சு மாதிரி எடை. ட்ரம்பெட் பக்கவாட்டில் சாய்ந்து டைல்ஸில் மோதியது. பெல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நிம்மதியானேன். அப்புறம் விரலால் அழுத்தும் மூன்று வால்வுகளில் இரண்டாவதை அழுத்தினால் உள்ளே போனது, திரும்பி வரவில்லை.

ஸ்டாண்டு வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் கற்றுக்கொண்டேன். உங்கள் ட்ரம்பெட் விழுவதற்கு முன்பே நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள்.

முதல் படி: ட்ரம்பெட்டின் கனமான பக்கத்தைக் கண்டுபிடியுங்கள்

சாதாரண பி ஃபிளாட் ட்ரம்பெட் ஏறக்குறைய 48 செ.மீ நீளம், 1 கிலோவுக்குச் சற்றுக் கூடுதல் எடை. நாதஸ்வரத்தில் அனசு என்கிறோமே, அந்த விரிந்த வாய்தான் இதில் பெல். அதன் விட்டம் 12 செ.மீ சொச்சம். ஸ்டாண்டில் வைக்கும்போது பெல் கீழே, வாய் வைத்து ஊதுகிற மவுத்பீஸ் மேலே. அதாவது உயரமான பொருளைத் தலைகீழாக ஒரு குச்சியில் செருகி வைக்கிறோம்.

கடைக்காரர்கள் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. ட்ரம்பெட்டின் எடை பெல்லுக்கு நேர் மேலே இல்லை. வாசிக்கிற நிலையில் பிடித்துப் பாருங்கள்: பெல் போகும் குழாய் மேல்வரிசையில் இருக்கும், வால்வுகளும் கீழ்க் குழாய்களும் அதற்குக் கீழே தொங்கும். அதையே பெல் தரையைப் பார்க்கும்படி நிறுத்தினால், அந்தத் தொங்கும் பாரம் முழுக்க ஒரு பக்கமாக வந்துவிடும். வால்வுகளின் அடிமூடிகள் எந்தத் திசையைப் பார்க்கின்றனவோ அதுதான் கனமான பக்கம். இதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நாலாவது படியில் தேவைப்படும்.

இன்னொன்று, வலது பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும் குட்டி ஸ்லைடு. இரண்டாவது வால்வின் ஸ்லைடு, அதாவது இழுத்துக் கழற்றக்கூடிய வளைகுழாய், அது. ட்ரம்பெட் அந்தப் பக்கமாக விழுந்தால் முதலில் தரையில் இடிபடுவது இதுதான். இடி நேராக வால்வு கூட்டுக்குள் இறங்கி, கூட்டை ஒரு மயிரிழை நசுக்கும். வால்வுக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனுக்கும் கூட்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியே மிகமிகக் குறைவு என்பதால் அந்த மயிரிழை போதும், பிஸ்டன் சிக்கிக்கொள்ள. என்னுடையதும் அப்படித்தான். எண்ணெய் விட்டுச் சரிசெய்யலாம் என்று முயற்சி செய்யாதீர்கள். முரட்டுத்தனமாக அழுத்தவும் கூடாது. பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோக வேண்டிய வேலை அது.

இரண்டாம் படி: எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, கால்கள் மடங்கித் தண்டோடு ஒட்டிக்கொள்ளும் சின்ன ஸ்டாண்டு. மடக்கி பெல்லுக்குள்ளேயே செருகிப் பெட்டியில் வைத்துவிடலாம். ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு இது வரப்பிரசாதம். மற்றது, தரையில் அகலமாக விரியும் நீளமான கால்கள் கொண்டது. தனியாகத் தூக்கிக்கொண்டு போகவேண்டும், ஆனால் நிலையாக நிற்கும்.

இப்போதுதான் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருக்கிறீர்கள், வாசிப்பது பெரும்பாலும் வீட்டில் என்றால் இரண்டாவது வகையை வாங்குங்கள். மடக்குகிற வகை பார்க்க அழகாக இருக்கும், கை தானாக அதன் பக்கம் போகும். எனக்கும் போனது.

ட்ரம்பெட்டின் உறவுக்கார வாத்தியமான ஃப்ளூகல்ஹார்ன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதன் பெல் வாய் சுமார் 15 செ.மீ. ட்ரம்பெட்டுக்கான குச்சியில் அது தொளதொளவென்று ஆடும். அதற்கென்று தடிமனான குச்சி தனியாக உண்டு, அதையே கேட்டு வாங்குங்கள்.

மூன்றாம் படி: கால்களை எண்ணுங்கள்

கால் எவ்வளவு நீளம் என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஸ்டாண்டு கால் இருக்கிற திசையில் சாயாது. இரண்டு கால்களுக்கு நடுவே இருக்கிற சந்தில்தான் சாயும். இரண்டு கால் நுனிகளையும் இணைத்து ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். நடுத்தண்டிலிருந்து அந்தக் கோடு வரை உள்ள தூரம்தான் ஸ்டாண்டின் உண்மையான பலம்.

கால் ஒவ்வொன்றும் நடுவிலிருந்து 15 செ.மீ நீட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று கால் என்றால் அந்தத் தூரம் பாதியாகிவிடும்: 7.5 செ.மீ. நாலு கால் என்றால் 10.6. ஐந்து கால் என்றால் 12.1. அதே நீளக் கால்கள்தான், எண்ணிக்கை மட்டும்தான் வேறு. ஸ்டாண்டும் ட்ரம்பெட்டும் சேர்ந்த மொத்த எடையின் மையம் தரையிலிருந்து 25 செ.மீ உயரத்தில், நடுத்தண்டுக்கு நேராக இருக்கிறது என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், மூன்று கால் ஸ்டாண்டு சுமார் 17 டிகிரி சாய்ந்ததுமே கவிழும். நாலு கால் 23 டிகிரி வரை தாங்கும். ஐந்து கால் 26 வரை.

மூன்றிலிருந்து நாலுக்குப் போகும்போது கிடைக்கிற லாபம் பெரியது, நாலிலிருந்து ஐந்துக்கு அவ்வளவு இல்லை. ஆகவே ஐந்து கால்தான் வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம். நாலு கால் நன்றாக விரிந்தால் போதும். மூன்று கால் தரையில் ஆடாது என்பது உண்மை, மேடு பள்ளமான இடத்திலும் மூன்றும் ஊன்றும். ஆனால் ஆடாமல் இருப்பது வேறு, கவிழாமல் இருப்பது வேறு. மூன்று கால்தான் கையில் இருக்கிறது என்றால் கால் நீளமாக இருக்கட்டும்.

அடுத்தது உயரம். பெல் விளிம்பு தரையைத் தொடாத அளவுக்கு மட்டும் தூக்கி நிறுத்தினால் போதும். ஒய்யாரமாக உயர்ந்து நிற்கிற ஸ்டாண்டு வாங்கினால், எடையை நீங்களே மேலே ஏற்றி வைக்கிறீர்கள்.

நாலாம் படி: கடையில் சோதித்துப் பாருங்கள்

உங்கள் ட்ரம்பெட்டை எடுத்துக்கொண்டு போங்கள். செருப்புக் கடைக்குக் காலை எடுத்துக்கொண்டு போகிற மாதிரிதான் இது. ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால் திருப்பி அனுப்ப வசதி உண்டா என்று பார்த்துக்கொண்டு வாங்கி, வீட்டில் இதைச் செய்யுங்கள்.

முதலில் காலி ஸ்டாண்டை விரித்து, குச்சியைப் பிடித்து ஆட்டுங்கள். கால்கள் சேரும் மூட்டில் லொடலொடவென்று ஆட்டம் இருந்தால் அப்படியே மடக்கித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். புதிதிலேயே ஆடுகிற மூட்டு ஆறு மாதத்தில் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கால்கள் விரிந்த நிலையில் பூட்டிக்கொள்கின்றனவா, இல்லை தள்ளினால் மடங்கிவிடுகின்றனவா என்பதையும் கவனியுங்கள்.

இப்போது ட்ரம்பெட்டை வையுங்கள். முதல் படியில் கண்டுபிடித்த கனமான பக்கம் ஏதாவது ஒரு காலுக்கு நேர் மேலே வரும்படி திருப்பி வையுங்கள். சந்துக்கு மேலே அல்ல, காலுக்கு மேலே. மூன்று கால் ஸ்டாண்டில் இந்த ஒரு திருப்பலில் கிடைக்கும் வித்தியாசம் ஆச்சரியமாக இருக்கும். பாரம் சாய்கிற திசையில் தாங்குவதற்கு முழுக் காலும் நிற்கிறதல்லவா! நான் இதைத் தெரியாமல் ஒரு வருடத்துக்கு மேல் தோன்றியபடி வைத்துக்கொண்டிருந்தேன்.

பெல் குச்சியில் எங்கே உட்கார்கிறது என்று குனிந்து பாருங்கள். பெல்லின் உட்புறச் சரிவு குச்சியின் கூம்பில் சுற்றிலும் படிய வேண்டும். ஒரே ஒரு புள்ளியில் மட்டும் பட்டுக்கொண்டு மற்ற இடத்தில் காற்று தெரிந்தால் அந்தக் குச்சி உங்கள் பெல்லுக்குப் பொருந்தவில்லை. விளிம்பு தரையிலோ கால்களின் மேலோ உட்காரவே கூடாது. அந்த விளிம்பு பார்க்கக் கெட்டியாகத் தெரியும். உண்மையில் சுலபமாக வளைந்துவிடும்.

கடைசியாக விரல் சோதனை. ஒரு கையை ட்ரம்பெட்டுக்குப் பின்னால் தடுப்பாக வைத்துக்கொண்டு, மறு கையின் ஒற்றை விரலால் மவுத்பீஸ் பக்கத்தில் மெதுவாகத் தள்ளுங்கள். தள்ள வேண்டியது கால் இருக்கிற திசையில் அல்ல, சந்து இருக்கிற திசையில். எதிர்ப்பக்கக் கால் ஒரு விரல் உயரத்துக்குத் தரையை விட்டு எழும்பட்டும். விரலை எடுங்கள். டொக்கென்று திரும்பி உட்கார்ந்தால் நல்லது. திரும்பலாமா வேண்டாமா என்று தயங்கினால் வேண்டாம். ஒவ்வொரு சந்திலும் இதைச் செய்யுங்கள். ட்ரம்பெட்டைத் தள்ளிப் பார்ப்பதைக் கடைக்காரர் விநோதமாகப் பார்ப்பார், பார்த்துவிட்டுப் போகட்டும்.

ஐந்தாம் படி: குச்சியின் உறை

வெறும் பிளாஸ்டிக்கோ இரும்போ பெல்லின் உட்புறத்தைக் கீறும். ஃபெல்ட் அல்லது வெல்வெட் துணி ஒட்டியது இருந்தால் நல்லது. உங்களுடையது வெள்ளி முலாம் பூசிய ட்ரம்பெட் என்றால் ரப்பர் உறையைத் தவிர்த்துவிடுங்கள். ரப்பரைக் கெட்டிப்படுத்தக் கந்தகம் சேர்ப்பார்கள், கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் பழைய பருத்தித் துணியை ஒரு சுற்று சுற்றித் தைத்துவிடுங்கள், போதும்.

ஆறாம் படி: தரை

கால் நுனியில் இருக்கிற ரப்பர் குமிழில் தூசி படிந்தால் டைல்ஸில் வழுக்கும். ஈரத்துணியால் துடைத்தால் பழையபடி பிடித்துக்கொள்ளும், இரண்டு நிமிட வேலை. கல்யாண மண்டபத்து மேடைகள் வேறு தினுசு. மேலே கம்பளம், அடியில் பலகை, பலகைகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத இடைவெளி. காலால் அழுத்திப் பார்த்துவிட்டு வையுங்கள். கம்பளம் மெத்தென்று இருந்தால் ஒரு முழம் சதுர ப்ளைவுட் துண்டை அடியில் போட்டுக்கொள்ளலாம்.

ஸ்டாண்டு நிற்க வேண்டிய இடம் உங்கள் நாற்காலிக்கும் நோட்ஸ் ஸ்டாண்டுக்கும் பக்கத்தில், ஆள் நடக்காத பக்கம். மைக் ஒயர் ஸ்டாண்டு காலைச் சுற்றிப் போகக் கூடாது. யாரோ அந்தக் கோடியில் ஒயரை இழுப்பார், இந்தக் கோடியில் உங்கள் ட்ரம்பெட் படுத்துவிடும். ஃபேனுக்கு எதிரே நோட்ஸ் வைக்கிறவர்கள் துணிக்கு மாட்டும் கிளிப் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் இப்போது நாலு வைத்திருக்கிறேன்.

ஏழாம் படி: வைப்பதும் எடுப்பதும்

வைப்பதற்கு முன் உள்ளே சேரும் தண்ணீரை வெளியேற்றும் சின்ன மூடியான வாட்டர் கீயைத் திறந்து ஊதித் தண்ணீரை வெளியேற்றுங்கள். பெல் கீழே பார்க்கும்போது சுருதி சேர்க்க இழுக்கும் ட்யூனிங் ஸ்லைடின் வளைவும் கீழே பார்க்கும், மிச்சமெல்லாம் அங்கேயே தேங்கும். மவுத்பீஸ் சுமார் 100 கிராம்தான், ஆனால் உச்சியில் இருக்கிறது. நீண்ட இடைவேளை என்றால் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது தட்டக் கூடாது. செருகி, இலேசாக ஒரு திருகு.

இடது கையால் வால்வு கூட்டைப் பிடித்து, வலது கையால் பெல்லை வழிகாட்டி, செங்குத்தாக இறக்குங்கள். எடை முழுக்க ஸ்டாண்டில் இறங்கியது கைக்குத் தெரியும், அதற்குப் பிறகு விடுங்கள். எடுக்கும்போதும் நேர் மேலே தூக்க வேண்டும். சாய்த்து எடுத்தால் குச்சி பெல்லில் மாட்டி ஸ்டாண்டும் கூடவே எழும்பி வரும், பிறகு நடுவழியில் கழன்று விழும்.

ஸ்டாண்டு கையில் இல்லாத நாளில் பெல்லைத் தரையில் ஊன்றி நிறுத்தாதீர்கள். இரண்டாவது வால்வு ஸ்லைடு மேலே பார்க்கும்படி சமமான இடத்தில் படுக்க வைத்துவிடலாம். நாற்காலியில் வைத்தால் மட்டும் யாராவது உட்கார்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரவில் எந்த ஸ்டாண்டும் வேண்டாம், பெட்டிக்குள் போட்டு மூடிவிடுங்கள். வீட்டில் பூனையோ தவழ்கிற குழந்தையோ இருந்தால் பகலிலும் அப்படியே.

கையில் காசு இல்லை, ஆனால் தெரிந்த தச்சர் இருக்கிறார் என்றால் இன்னொரு வழியும் உண்டு. 30 செ.மீ விட்டத்தில் வட்டமான கனத்த பலகை, நடுவில் உங்கள் பெல்லுக்கு ஏற்ற மரக்கூம்பு, கூம்புக்கு மேலே ஃபெல்ட், அடியில் ரப்பர். வட்டத்தில் சந்து என்பதே கிடையாது, எல்லாத் திசையிலும் முழு 15 செ.மீ தாங்கும். எடையும் அடியிலேயே இருக்கும். கூம்பை மட்டும் திருகாணி போட்டு இறுக்கச் சொல்லுங்கள். ஃபெவிகால் மட்டும் போட்டு ஒட்டிய கூம்பு ஒருநாள் ட்ரம்பெட்டோடு கையோடு வந்துவிடும். என் வீட்டு ஹாலில் இப்போது நிற்பது அப்படிச் செய்ததுதான். பழைய மூன்று கால் ஸ்டாண்டில் மழைக்காலத்தில் குடை காய்கிறது.