தெருமுனை இசைவிழாவைக் குறும்படமாக எடுக்க

ஏழெட்டு நிமிடப் படத்தில் காட்சி கொஞ்சம் ஆடினாலும் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். பாட்டு கரகரத்தால் மூடிவிட்டுப் போய்விடுவார்கள். எனவே திட்டத்தை ஒலியிலிருந்து தொடங்குங்கள்.

சவுண்ட்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, மேடை மைக்குகளின் ஒலியெல்லாம் வந்து சேரும் மிக்சர் கருவியிலிருந்து ஒரு அவுட்புட்டைத் தனி ரெக்கார்டருக்கு எடுங்கள். ரெக்கார்டரின் இன்புட், மிக்சர் போன்ற கருவிகளின் பலமான சிக்னலுக்கான 'லைன்' நிலையில் இருக்க வேண்டும். 'மைக்'கில் விட்டால் ஒலி வெடித்துவிடும், பிறகு சரிசெய்யவே முடியாது. பதிவுத் தரம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் போதும். சவுண்ட் செக்கில், அதாவது நிகழ்ச்சிக்கு முந்தைய ஒலிச் சோதனையில், ரெக்கார்டர் மீட்டரில் உச்ச அளவு −12 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள் (அதில் 0தான் எல்லை). மேடையேறியதும் எல்லோரும் இன்னும் பலமாகத்தான் வாசிப்பார்கள்.

இந்த ஒரு லைனை நம்பிப் படம் எடுக்காதீர்கள். சின்ன மேடையில் டிரம்ஸும் கிட்டார் ஆம்ப்பும் நேராகவே கேட்கும் என்பதால் மிக்சரில் அவற்றைக் குறைத்தே வைத்திருப்பார்கள். பதிவைத் தனியே கேட்டால் குரல் காதுக்குள் ஒலிக்கும், தாளம் எங்கோ கிடக்கும், கைதட்டலே இருக்காது. அதற்காகக் கூட்டத்தின் நடுவே, ஆட்களின் தலைக்கு மேலே, காற்றுத்தடுப்பு உறை போட்ட ஸ்டீரியோ மைக் ஒன்றை நிறுத்துங்கள். ஸ்பீக்கரிலிருந்து அது 34 மீட்டர் தள்ளி இருந்தால் ஒலி சுமார் 0.1 நொடி பிந்தி வரும். நொடிக்கு 25 பிரேம் (படச்சட்டம்) கணக்கில் இரண்டரை பிரேம். எடிட்டிங்கில் அந்த டிராக்கை முன்னால் இழுத்துப் பொருத்தாவிட்டால் எதிரொலிபோலக் கேட்கும்.

கேமரா இரண்டு போதும். ஒன்று டிரைபாடில், முழு மேடையையும் பாட்டின் முதலிலிருந்து கடைசி வரை நிறுத்தாமல் எடுக்கட்டும். மற்றது கூட்டத்துக்குள் அலையட்டும். 25 பிரேமுக்கு ஷட்டர் வேகம் 1/50 நொடி. பகல் வெயிலில், லென்ஸுக்குள் வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் இல்லாமல் அது நடக்காது. விளக்கு ஏற்றியதும் திரையில் கோடுகள் ஓடினால் ஷட்டரைச் சற்றே மாற்றிப் பாருங்கள். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவுசெய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிகாபைட் பிடிக்கும். கார்டை அதற்கேற்பக் கொண்டுபோங்கள்.

பேட்டிகளை சவுண்ட் செக்குக்கு முன்பே முடித்துவிடுங்கள். பின்னால் பாட்டு ஓடும்போது எடுத்தால், பேச்சை வெட்டுகிற ஒவ்வொரு இடத்திலும் பாட்டும் துள்ளும். நாற்காலி போடுவது, கேபிளைத் தரையோடு டேப் ஒட்டுவது, ஸ்பீக்கர் அருகே காதைப் பொத்தும் குழந்தை: படத்தின் உயிர் பெரும்பாலும் இங்கேதான். மேடைக் காட்சி எல்லா ஊரிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

பாட்டுப் பட்டியலை முதலிலேயே வாங்கிவிடுங்கள். பிறர் பாட்டை மேடையில் பாட அனுமதி இருந்தாலும் அது உங்கள் படத்துக்குச் செல்லாது. தனியே கேட்டுப் பெற வேண்டும். குழுவின் சொந்தப் பாட்டுகளை நடுவில் வைத்துப் படத்தைக் கட்டினால் அந்தத் தலைவலி பாதி குறையும்.