எட்டு மீட்டர் கயிற்றில் எண்ணூறு வருடம்: சிலுவைப் போர்க் காலத்தை மண்டபத்தில் காட்டும் முறை

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு, ஜெருசலேமுக்காகக் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் மோதிய சிலுவைப் போரைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தால் பத்து நிமிடத்துக்குள் ஒரு கேள்வி வந்துவிடும்: "யார் சார் நல்லவங்க?" கோயில், சர்ச், பள்ளிவாசல் மூன்றும் ஒரே சாலையில் இருக்கிற ஊரில் இந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்லித் தப்ப முடியாது. சுவரில் வருடங்களைக் குறிக்கும் ஒரு கயிறு கட்டி, சம்பவ அட்டைகளைத் தொங்கவிட்டால் பிள்ளைகள் தாங்களே தேடிப் பார்ப்பார்கள்.

அளவு எளிது. முஸ்லிம் தளபதி தாரிக் இப்னு ஸியாதின் படை ஸ்பெயினில் இறங்கியது 711. போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தது 1511. இடையில் சரியாக 800 வருடம். ஒரு வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்றால் எட்டு மீட்டர் கயிறு போதும். பாலாய் ராயாவின் (ஊர்ப் பொது மண்டபம்) நீளச் சுவரில் தாராளமாக இடமிருக்கும்.

ஹார்ட்வேர் கடையில் 9 மீட்டர் பருத்திக் கயிறு வாங்குங்கள். இரண்டு முனையிலும் அரை மீட்டர் கட்டுவதற்கு. நைலான் வேண்டாம். இழுக்க இழுக்க நீண்டு, போட்ட குறியெல்லாம் இடம் மாறிவிடும். பருத்தியிலும் முதலில் இறுக்கிக் கட்டி, பிறகுதான் குறி போட வேண்டும். தரையில் போட்டு அளந்துவிட்டு மேலே கட்டினால் முனையில் சில வருடங்கள் பிசகும். நடுவில் இரண்டு ஆணியாவது தாங்கல் வேண்டும், இல்லாவிட்டால் கயிறு தொய்ந்து அட்டைகள் எல்லாம் நடுவுக்குச் சறுக்கும். தரையிலிருந்து 180 செ.மீ உயரத்தில் கட்டுங்கள். 100 செ.மீக்கு ஒரு டேப் ஒட்டி 811, 911 என்று எழுதிக்கொண்டே போங்கள்.

அட்டைக்கு ஏ4 தடித்தாளை நீளவாக்கில் மூன்றாக வெட்டினால் 7 செ.மீ அகலப் பட்டை கிடைக்கும். அதற்கு மேல் அகலம் கூடாது. ஏனென்று பாருங்கள்: வருடத்திலிருந்து 711ஐக் கழித்தால் அட்டையின் இடம். 1184க்கு 473 செ.மீ, 1187க்கு 476, 1192க்கு 481. மூன்று அட்டையும் ஒன்றின்மேல் ஒன்று விழும். அழகுக்காகத் தள்ளி மாட்டிவிடாதீர்கள், அந்த நெருக்கத்தைக் காட்டத்தான் இவ்வளவு பாடு. நூலின் நீளத்தை மாற்றித் தொங்கவிடுங்கள்: ஒன்றை 5 செ.மீ, அடுத்ததை 40, மூன்றாவதை 75. கடைசி அட்டையின் அடி தரையிலிருந்து 75 செ.மீயில் நிற்கும், சின்னப் பிள்ளைகள் படிக்கத் தோதான உயரம்.

அரபுப் பதிவுகளில் ஹிஜ்ரி வருடம்தான் (இஸ்லாமியச் சந்திர ஆண்டு) இருக்கும். 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டினால் ஏறக்குறைய கிறிஸ்து வருடம் வரும். முஸ்லிம் சுல்தான் சலாஹுத்தீன் சிலுவைப் படையை வென்ற ஹத்தீன் போர் நடந்த ஹிஜ்ரி 583ஐப் போட்டுப் பார்த்தால் 1187. வெறுமனே 622ஐ மட்டும் கூட்டிவிட்டு 1205 என்று அட்டையில் எழுதுவது சாதாரணமாக நடக்கிற தப்பு.

போருக்குச் சிவப்பு அட்டை, சமாதானத்துக்குப் பச்சை என்று வாங்கத் தோன்றும். வேண்டாம். எல்லாம் வெள்ளையாகவே இருக்கட்டும். சிவப்பிலும் நீலத்திலும் துணிக் கிளிப் ஆளுக்கு நான்கு கொடுத்துவிடுங்கள். அட்டையைப் படித்துவிட்டு, மோதல் தெரிந்தால் சிவப்பு, கூடிவாழ்ந்தது தெரிந்தால் நீலம், இரண்டும் தெரிந்தால் இரண்டும்.

ஒரு அட்டை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 1184ஐ எடுத்துக்கொள்வோம். ஸ்பெயின் நாட்டு முஸ்லிம் பயணி இப்னு ஜுபைர் டமாஸ்கஸிலிருந்து, சிலுவைப் படையினர் வசமிருந்த அக்கா (Acre) துறைமுக நகருக்கு வணிகர் கூட்டத்தோடு வந்தார். அதே நேரத்தில் சலாஹுத்தீனின் படை சிலுவைப் படையினரின் கராக் கோட்டையை முற்றுகை இட்டிருந்தது. படை ஒரு பக்கம், சரக்கு ஒரு பக்கம், யாரும் யாரையும் தடுக்கவில்லை என்று அவரே வியந்து எழுதினார். சிலுவைப் போர்ப் பிரபுக்களின் கீழிருந்த முஸ்லிம் குடியானவர்கள் விளைச்சலில் பாதியை வாரமாகவும் (நிலக்கிழாருக்கான பங்கு), தலைக்கு ஒரு தினார் ஐந்து கீராத்தை (தினாரின் சிறு பகுதி) வரியாகவும் கொடுத்துவிட்டு, வீடு வாசலைத் தங்கள் கையில் வைத்திருந்தார்கள். தம் மதத்து நிலக்கிழார்களைவிட இவர்கள் மேல் என்று குடியானவர்கள் நினைப்பதைக் கண்டு அவருக்கு வருத்தம். அதே பயணத்தில் காலில் விலங்கோடு வேலை செய்த முஸ்லிம் கைதிகளையும் பார்த்தார். இவ்வளவும் ஒரே அட்டையில் வர வேண்டும். வாரத்தை எழுதி விலங்கை விட்டாலும், விலங்கை எழுதி வாரத்தை விட்டாலும் அட்டை பொய்யாகிவிடும்.

மூன்று சென்டிமீட்டர் தள்ளி 1187. ஜூலை 4இல் ஹத்தீன், அக்டோபர் 2இல் ஜெருசலேம் சலாஹுத்தீன் வசம். ஆணுக்குப் பத்து தினார், பெண்ணுக்கு ஐந்து, பிள்ளைக்கு ஒன்று என்று மீட்புத்தொகை வைத்து மக்களை வெளியே விட்டார். கட்ட முடியாத ஆயிரக்கணக்கானவர்கள் அடிமையானார்கள். இதை 388 செ.மீயில் தொங்கும் 1099 ஜூலை 15ஓடு சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள். அன்று நகருக்குள் புகுந்த சிலுவைப் படை முஸ்லிம்களையும் யூதர்களையும் வெட்டிக் குவித்தது. செத்தவர் எண்ணிக்கையை மட்டும் எழுதாதீர்கள். அக்கால வரலாற்றாசிரியர்கள் கூட்டிச் சொன்ன எண்களைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி ஒப்பிட ஆரம்பித்துவிடுவார்கள்.

518 செ.மீயில் 1229. சிசிலியை ஆண்ட மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக்கும் எகிப்து சுல்தான் அல்-காமிலும் சண்டையில்லாமல் பத்து வருட ஒப்பந்தம் செய்தார்கள். ஜெருசலேம் கிறிஸ்தவருக்கு, அங்குள்ள முஸ்லிம் புனித இடங்களான பாறைக் குவிமாடமும் அல்-அக்ஸாவும் முஸ்லிம்களுக்கு. உடனே நீலக் கிளிப் ஏறும். அட்டையைத் திருப்பச் சொல்லுங்கள். பின்பக்கத்தில் இருக்க வேண்டியது: இதே ஃபிரெடரிக்தான் சிசிலியின் முஸ்லிம்களை வேரோடு பிடுங்கி இத்தாலியின் லூசேராவில் கொண்டுபோய்க் குடியேற்றினார். அந்தக் குடியேற்றமும் 1300இல் அழிக்கப்பட்டது. கிளிப்பை வைத்துக்கொண்டு பிள்ளைகள் முழிக்கிற இடம் இது. அவசரப்படுத்தாமல் விடுங்கள்.

சிசிலியின் பழைய முகத்துக்கு 438 செ.மீ. 1149ஆம் வருடக் கல்லறைக் கல் ஒன்று பலெர்மோவில் இருக்கிறது. கிரிசாந்துஸ் என்ற பாதிரியார் தன் தாய் அன்னாவுக்கு வைத்தது. லத்தீன், கிரேக்கம், அரபு, எபிரேய எழுத்தில் எழுதிய அரபு என நான்கு விதமாகச் செதுக்கி, ஒவ்வொன்றுக்கும் அந்தந்தச் சமூகத்தின் வருடக் கணக்கையே போட்டிருக்கிறார்கள். மின்சாரத் துணைநிலைய வேலியில் மாட்டியிருக்கும் நான்கு மொழி அபாயப் பலகையைப் படம் பிடித்துப் பக்கத்தில் ஒட்டினால், விளக்கமே தேவைப்படாது.

1204 (493 செ.மீ) கட்டாயம் வேண்டும். நான்காம் சிலுவைப் படை போய்க் கொள்ளையடித்தது கிறிஸ்தவ கான்ஸ்டான்டிநோபிளை. 1251க்கு (540 செ.மீ) அக்கா நகரின் தங்கக் காசு. அதுவரை சிலுவைப் படையினர் இஸ்லாமிய வாசகத்தோடு அரபுக் காசுகளைப் போலவே அச்சடித்து வந்தார்கள். போப்பாண்டவர் கண்டித்ததும் அரபு எழுத்தை விடாமல், வாசகத்தை மட்டும் கிறிஸ்தவமாக்கினார்கள். சந்தையில் காசு செல்ல வேண்டுமே.

800 செ.மீயில் கயிறு நம் மலேசியாவுக்கு வந்துவிடும். சிலுவைப் போரில் சண்டையிட்ட துறவி வீரர்களின் டெம்ப்ளர் சபை 1312இல் கலைக்கப்பட்டது. போர்த்துகலில் அதன் வாரிசாக 1319இல் கிறிஸ்து சபை எழுந்தது. அதன் சிலுவைதான் போர்த்துகீசியக் கப்பல் பாய்களில். மலாக்கா வீழ்ந்ததும் பரங்கியர் பதவி கொடுத்தவர்களில் ஒருவர் நைனா சட்டு என்ற இந்து வணிகர். பரங்கி என்ற சொல்லே சிலுவைப் போர்க்காலத்து அரபு மக்கள் மேற்கத்தியரை அழைத்த 'இஃப்ரன்ஜ்' வழியாக வந்தது. பரங்கிக்காயைக் கையில் கொண்டுவந்து காட்டுங்கள், சிரித்துக்கொண்டே ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்.

நேரம்: சனிக்கிழமை நாலரை மணி. வெள்ளி மதியமோ ஞாயிறு காலையோ வைத்தால் பாதிப் பேர் வர முடியாது. ஆறரைக்குள் முடித்துவிடுங்கள். எந்த வேதம் சரி என்று பேச்சுத் திரும்பினால் "எந்த அட்டையில் இருக்கு, காட்டு" என்று கேளுங்கள், பேச்சு கயிற்றுக்குத் திரும்பிவிடும்.

கழற்றும்போது கயிற்றை முடிச்சுப் போடாமல் ஒரு பிவிசி குழாயில் சுற்றி வையுங்கள், அடுத்த முறை மறுபடி அளக்க வேண்டியதில்லை. அட்டைகள் பிஸ்கட் டின்னுக்குள். கிளிப்புகளைத் தனியே வையுங்கள். மழை மாதத்தில் அவற்றின் கம்பி துருப்பிடித்து அட்டையில் கறையாகும்.