ஃபெஸ் நகருக்குப் புறப்படும் புதுச்சேரிக்காரர்களுக்கு

புதுச்சேரியின் தெருப் பெயர்ப் பலகைகளில் தமிழோடு பிரெஞ்சு இருப்பதைப் போல, மொராக்கோவின் ஃபெஸ் நகரில் அரபியோடு பிரெஞ்சு இருக்கிறது. புதுச்சேரியை இந்தியாவுக்கு ஒப்படைக்கும் உடன்படிக்கை கையெழுத்தான 1956ஆம் ஆண்டில்தான் மொராக்கோவும் பிரெஞ்சு ஆதிக்கத்திலிருந்து விடுபட்டது. ஆகவே பள்ளியில் பிரெஞ்சு படித்தவர்கள் மருந்துக் கடை, வங்கி, ரயில் நிலையம் ஆகிய இடங்களில் சிரமமின்றிச் சமாளித்துவிடலாம். ஆனால் பழைய நகரின் சந்துகளில், எடுத்த எடுப்பில் பிரெஞ்சு பேசுபவரைக் கடைக்காரர் கை நிறையப் பணத்தோடு வந்தவர் என்றே எடைபோடுவார். அங்கே முதலில் உதவுவது தாரிஜா எனப்படும் மொராக்கோ அரபிதான்.

‘ஸலாமு அலைக்கும்’ என்று தொடங்கி, ‘லாபாஸ்?’ (நலமா?) என்று கேட்டுவிட்டு, அதன் பிறகு பிரெஞ்சுக்கு மாறுவது நல்லது. விலை கேட்க ‘ப்ஷ்ஹால்?’, மிக அதிகம் என்று சொல்ல ‘காலி பெஸ்ஸாஃப்’, சரி என்பதற்கு ‘வாஹா’, போதும் என்பதற்கு ‘ஸாஃபி’ என்ற நான்கும் நாள் முழுவதும் பயன்படும். எல்லாவற்றிலும் முக்கியமானது ‘லா, ஷுக்ரன்’ (வேண்டாம், நன்றி). வலக்கையை நெஞ்சில் வைத்து, நடையை நிறுத்தாமல், புன்னகையோடு இதைச் சொன்னால் பெரும்பாலானோர் விட்டுவிடுவார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசாமல் போவதை அவர்கள் அவமதிப்பாகக் கருதுவார்கள். நம் ஊர்ச் சந்தையிலும் அப்படித்தானே!

பணத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. நாணயம் திர்ஹாம் என்றாலும், வயதான வியாபாரிகள் இன்னும் ரியால் கணக்கில் விலை சொல்வதுண்டு. ஒரு திர்ஹாம் 20 ரியால். ‘அல்ஃப் ரியால்’, அதாவது ஆயிரம் ரியால் என்று கேட்டுத் திடுக்கிட வேண்டாம். அது 50 திர்ஹாம்தான். திர்ஹாமை அந்நாட்டுக்கு வெளியே மாற்றுவது கடினம் என்பதால், யூரோவாகக் கொண்டுபோய் விமான நிலையத்திலோ வங்கியிலோ தேவைக்கேற்பச் சிறுகச் சிறுக மாற்றிக்கொள்ளுங்கள். பிரெஞ்சு ஓய்வூதியம் வரும் வீட்டில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஏமாற்று பெரும்பாலும் அன்பின் வேடத்தில்தான் வரும். காஸாபிளாங்காவிலிருந்து ஃபெஸ் செல்லும் ரயிலில் எதிர் இருக்கைக்காரர் இனிமையாகப் பேச்சுக் கொடுத்து, நகரில் தம் சகோதரர் வழிகாட்டியாக இருப்பதாகச் சொல்வார். பழைய நகரில் ஓர் இளைஞர், ‘இந்த வழி மூடியிருக்கிறது, நீங்கள் தேடும் இடம் அந்தப் பக்கம்’ என்று அழைத்துச் சென்று, கடைசியில் ஒரு தோல் கடையில் நிறுத்திக் கூலி கேட்பார். அங்கீகாரம் பெற்ற வழிகாட்டிகள் அடையாள அட்டை வைத்திருப்பார்கள். தங்கும் விடுதி மூலம் அமர்த்திக்கொண்டு, தொகையையும் நேரத்தையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். வழி கேட்க வேண்டுமென்றால், கடையை விட்டு எழ முடியாத வியாபாரியிடம் கேட்பதே உத்தமம். சிறிய சிவப்பு டாக்சியில் ஏறியதும் மீட்டரைப் போடச் சொல்லுங்கள். அதில் மூவருக்கு மேல் ஏற்றமாட்டார்கள்.

தோல் பதனிடும் ஷுவாரா தொட்டிகளை, அவற்றைச் சுற்றியுள்ள கடைகளின் மாடியிலிருந்து பார்க்கலாம். ஏறும்போதே கையில் புதினாக் கொத்து ஒன்றைத் தருவார்கள். அது மரியாதைக்காக அல்ல, மூக்குக்காக. தோலை மென்மையாக்கப் புறா எச்சம் சேர்க்கிறார்கள். கடலூர் முதுநகரில் கருவாட்டு வாடைக்குப் பழகியவர்களுக்கும் அந்தப் புதினா தேவைப்படும்.

859இல் ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரி நிறுவியதாகச் சொல்லப்படும் கரவிய்யீன் பள்ளிவாசலில், அந்நாட்டின் பெரும்பாலான பள்ளிவாசல்களைப் போலவே, முஸ்லிம் அல்லாதவர்கள் நுழையக் கூடாது. வாசலில் நின்று முற்றத்தைப் பார்க்கலாம். பரங்கிப்பேட்டை, காரைக்கால் முஸ்லிம் அன்பர்கள் தாராளமாகத் தொழுதுவிட்டு வரலாம். மற்றவர்களுக்கு அருகிலுள்ள அத்தாரீன் மதரசாவும், சற்று மேலே பூ இனானிய்யா மதரசாவும் திறந்திருக்கும். தோளும் முழங்காலும் மறையும் உடை இருபாலருக்கும் ஏற்றது. வெள்ளிக்கிழமை பிற்பகலில் பல கடைகள் மூடியிருக்கும். குடும்பங்கள் கூஸ்கூஸ் (ஆவியில் வேகவைத்த கோதுமை ரவை உணவு) உண்ணும் நேரம் அது.

சைவ உணவுக்காரர்கள் கவனிக்க: ‘ஏழு காய்கறிக் கூஸ்கூஸ்’ என்று சொன்னாலும் அது இறைச்சிச் சாற்றில் வெந்திருக்கக்கூடும். ‘ப்லா ல்ஹம்’ (இறைச்சி இல்லாமல்) என்று சொல்லி, சாற்றைப் பற்றியும் தனியாகக் கேளுங்கள். மொச்சை போன்ற பயறைக் குழைய வேகவைத்து, ஆலிவ் எண்ணெயும் சீரகப் பொடியும் தூவித் தரும் பிஸாரா, காலைப் பசிக்கு நம் நாக்குக்கும் ஒத்துவரும். ஒன்றாக அமர்ந்து உண்ணும்போது வலக்கையால், நம் பக்கத்திலிருந்து மட்டும் எடுக்க வேண்டும். தெருவில் மது அருந்துவது கூடவே கூடாது. நம்மூர் மதுக்கடைகளைப் பார்த்துப் பழகிய கண் அங்கே அடக்கமாக இருக்கட்டும். யாராவது கஞ்சாப் பிசின் நீட்டினால் நிற்காமல் நடந்துவிடுங்கள். அரசரையும் மதத்தையும் இழிவாகப் பேசுவது சட்டப்படி குற்றம். காவலர்களையும் ராணுவத்தினரையும் படம் எடுக்காதீர்கள். மற்றவர்களைக் கேட்டுவிட்டு எடுங்கள்.

பழைய நகரின் மதிலுக்கு வெளியே வண்டிகள் வலப்பக்கமாக ஓடுகின்றன. சாலையைக் கடக்கும்போது முதலில் இடப்பக்கம் பார்க்க வேண்டும். இந்தப் பழக்கம் வர இரண்டு நாளாவது ஆகும். மதிலுக்குள் கார் கிடையாது, கழுதையும் கோவேறு கழுதையும்தான். இரு பக்கமும் எரிவாயு உருளைகளைச் சுமந்த ஒரு கோவேறு கழுதை சரிவில் இறங்கி வரும். பின்னால் ஓட்டுபவர் ‘பாலாக்! பாலாக்!’ என்று கத்துவார். விலகு என்று பொருள். திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்காமல், பையை முன்னால் இழுத்துக்கொண்டு உடனே சுவரோடு ஒட்டிவிடுங்கள்.

கைபேசி வரைபடம் அந்தச் சந்துகளில் அடிக்கடி தடுமாறும். விடுதியின் பெயரையும் அதன் அருகிலுள்ள மதில் வாயிலின் பெயரையும் அரபியில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நகரங்களில் காவல்துறைக்கு 19, ஆம்புலன்சுக்கு 15. இருட்டுவதற்குள் விடுதிப் பக்கம் வந்துவிடுவது நல்லது. கரவிய்யீன் பக்கம் வழி தவறிவிட்டால், தாலா கபீரா அல்லது தாலா ஸகீரா எங்கே என்று கேளுங்கள். ‘தாலா’ என்பது ஏற்றத்தைக் குறிக்கும் சொல். இரண்டு தெருக்களும் மேல்நோக்கி, பாப் பூஜ்லூத் என்ற நீல வாயிலுக்கே போய்ச் சேர்கின்றன. மூச்சு வாங்கினாலும் மேட்டைப் பார்த்து நடந்தால் போதும். டாக்சி அங்கே கிடைக்கும்.