உப்புக் காற்றிலும் நமுத்துப்போகாத காகிதக் கவசம்

பள்ளி மாறுவேடப் போட்டி என்றால் ராமநாதபுரத்தில் தெருவுக்கு ஒரு வேலு நாச்சியார் தயாராகிவிடுவார். 1730இல் இந்த ஊரில் பிறந்த இளவரசி. நமக்கு இல்லாத உரிமையா? ஆனால் மார்பில் ஜிகினாத்தாளைச் சுற்றி அனுப்பினால் மேடை ஏறுவதற்குள் கிழிந்துவிடும். அட்டைப் பெட்டி, பழைய செய்தித்தாள், மைதா இருந்தால் ஓடி ஆடினாலும் தாங்கும் கவசம் செய்யலாம். ஒரு வாரம் முன்பே தொடங்குங்கள். பாம்பன், மண்டபம், கீழக்கரைப் பக்கம் இருப்பவர்கள் இன்னும் முன்பாகவே.

அளவு. விழாவுக்கு உடுத்தும் உடையோடு பிள்ளையை நிறுத்தி, செய்தித்தாளை மார்பில் வைத்து வரைந்துகொள்ளுங்கள். கையை முன்னால் நீட்ட அக்குள் பக்கம் இரண்டு விரல் இடம் விடவும். கீழ் விளிம்பு இடுப்பெலும்புக்கு மேலேயே நிற்கட்டும்; இறங்கினால் உட்காரும்போது கவசம் எழும்பித் தாடையில் இடிக்கும். முதுகுக்கும் இதே கணக்கு.

அட்டை. மளிகைக் கடைப் பெட்டியின் அட்டைக்குள் வரிவரியாக ஒரு நெளிவு ஓடும். அந்த வரி கழுத்திலிருந்து இடுப்புக்கு நெடுக்காக வரும்படி வெட்டினால் உடம்பைச் சுற்றி அழகாக வளையும். குறுக்காக வெட்டினால் மடங்கி ஒடியும்.

பசை. ஒரு கோப்பை மைதாவை ஒரு கோப்பைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, இன்னும் நான்கு கோப்பை ஊற்றி, சிறு தீயில் கிளறுங்கள். வெண்மை குறைந்து பளபளப்பு வந்ததும் இறக்கி ஆறவிடவும். பூஞ்சை வராமலிருக்க உப்புப் போடச் சொல்பவர்கள் உண்டு. உப்பு ஈரத்தை இழுக்கும். கடலோரத்தில் அது வேண்டாத வேலை. சுவரொட்டிப் பசையில் போடும் மயில்துத்தம் நஞ்சு, பிள்ளைகள் அணியும் பொருளில் கூடவே கூடாது.

ஒட்டுதல். செய்தித்தாளைக் கத்தரிக்காமல் கையால் இரண்டு விரல் அகலத்துக்குக் கிழியுங்கள்; கிழிந்த ஓரம்தான் மேடு தட்டாமல் படியும். பசையில் தோய்த்து, மிகுதியை இரு விரலால் வழித்துவிட்டு, முதல் அடுக்கை நெடுக்காகவும் அடுத்ததைக் குறுக்காகவும் ஒட்டவும். அட்டையின் இரு பக்கமும் ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் காயும்போது கோணிக்கொள்ளும். ஈரமாக இருக்கும்போதே, பாலித்தீன் சுற்றிய பிளாஸ்டிக் குடத்தின் மேல் கவிழ்த்துக் கயிற்றால் கட்டிவிடுங்கள். வளைவு தானாக வந்துவிடும்.

காயவைத்தல். எல்லோரும் அவசரப்படுவது இங்கேதான். வடிவம் நின்றதும் குடத்திலிருந்து எடுத்து, உட்பக்கமும் காற்றுப்படக் கொடியில் தொங்கவிடுங்கள். பொழுது சாய்ந்ததும் வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் பகலில் காய்ந்தது இரவில் நமுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்விசிறியே கதி. தொட்டுப் பார்த்தால் காய்ந்ததுபோல்தான் இருக்கும்; கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. அதன் மேல் வண்ணம் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிப் பூஞ்சை பிடிக்கும்.

செதில். பழைய கல்யாணப் பத்திரிகை இதற்கென்றே அச்சடித்ததுபோல் கெட்டியாக இருக்கும். ஒரு நுனி வளைந்த துண்டுகளாக வெட்டி, கீழ் விளிம்பிலிருந்து வரிசையாக மேலேறுங்கள். விளைமீன் செதிலைப் போல, மேல் வரிசைத் துண்டு கீழ் வரிசையின் இரு துண்டுகளுக்கு நடுவே இறங்க வேண்டும். தோள் விளிம்பில் ஃபெவிகாலைச் சொட்டுச் சொட்டாக வைத்துக் காயவிட்டால் ஆணித்தலைகள் தயார்.

வண்ணம். முதலில் முழுவதும் கறுப்பு அக்ரிலிக். பிறகு ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் வெள்ளி வண்ணத்தைச் செதில்களின் நுனியில் மட்டும் தடவுங்கள். பள்ளத்தில் கறுப்பு நின்றால்தான் இரும்பாகத் தெரியும். முழுவதும் வெள்ளி பூசினால் எவர்சில்வர் தட்டைக் கட்டிக்கொண்ட மாதிரிதான். கடைசியில் வார்னிஷ், உட்பக்கமும் சேர்த்து. வியர்வை அங்கிருந்துதான் ஊறும்.

தோளிலும் விலாவிலும் துளையிட்டு, துளையைச் சுற்றி டேப் ஒட்டி, பருத்தி நாடா கோத்துக் கட்டவும். மீன்பிடிக்கும் நைலான் நரம்பான தங்கூசி வேண்டாம், தோளை அறுக்கும். ஒரு பக்க விலா முடிச்சு உருவு முடிச்சாக இருக்கட்டும், பிள்ளை கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கும்.