மடத்துக் கொலைக் கதையில் எங்கே பிசகுகிறது?

இடைக்கால ஐரோப்பாவில் ஒரு துறவு மடம், உள்ளே ஒரு பிணம், துப்புத் துலக்க ஒரு துறவி. இப்படி எழுத உட்காருகிற பலர் இருண்ட தாழ்வாரத்தை வர்ணிப்பதோடு நின்றுவிடுகிறார்கள். புனித பெனடிக்ட் 6ஆம் நூற்றாண்டில் துறவிகளுக்காக வகுத்த ஒழுங்குநூலைப் புரட்டுவதில்லை. கொலைக்கான சந்தர்ப்பமும் தடையும் அதன் 73 அதிகாரங்களுக்குள்தான் கிடக்கின்றன.

அடிக்கடி வரும் பிழை, தனி அறையில் நள்ளிரவுக் கொலை. தனிக்குடில் வாழ்வு, 1084இல் தோன்றிய கார்த்தூசியன் சபையின் அடையாளம். பெனடிக்ட் விதியோ கூடுமானவரை எல்லாரையும் ஒரே கூடத்தில், உடுத்த உடையோடு உறங்கச் சொல்கிறது. விடியும்வரை விளக்கு எரியும். படுக்கும்போது இடுப்பில் கத்தி இருக்கக் கூடாது. இளையவர்களின் படுக்கைகளுக்கு நடுவே மூத்தவர்கள் படுப்பார்கள். இரவுச் செபத்தில் ஓர் இருக்கை காலியாக இருந்தாலும் தெரிந்துவிடும். ஆகவே வேலையின் பொருட்டு நடமாட உரிமை உள்ளவர்களிடம் சந்தேகத்தைத் திருப்புங்கள்: களஞ்சியப் பொறுப்பாளர், நோயாளிகளைக் கவனிப்பவர், மணியடித்து எழுப்புபவர்.

துப்பறிபவரையும் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். மடாதிபதியின் அனுமதியின்றி பெனடிக்டைன் துறவி வாசலைத் தாண்ட முடியாது. ஊர் ஊராகப் போய் விசாரிக்க, ஊர் சுற்றிப் போதிக்கும் சபைகளான டொமினிக்கன் அல்லது பிரான்சிஸ்கனைச் சேர்ந்த சகோதரர் பொருத்தம். ஆனால் கதை 1150இல் நடந்தால் அந்தச் சபைகளே பிறந்திருக்கவில்லை.

"சரியாக மூன்றரை மணிக்கு" என்று சாட்சி சொல்ல வைக்காதீர்கள். பகற்பொழுதைப் பன்னிரண்டாகப் பிரித்ததில் ஒரு பங்குதான் அன்றைய ஒரு மணி. இங்கிலாந்தில் நடுக்கோடையில் அது நம் கணக்கில் 80 நிமிடத்தைத் தாண்டும், நடுக்குளிர்காலத்தில் ஏறக்குறைய 40தான். எந்தச் செபத்துக்கு முன், எதற்குப் பின் என்று சொல்வதே இயல்பு.

சட்டத்தில் சறுக்கினால் முடிவே குலைந்துவிடும். இங்கிலாந்தில் 1194 முதல் சந்தேக மரணத்தைக் கொரோனர் எனும் அரச அதிகாரி பார்க்க வேண்டும். அதற்குமுன் அடக்கம் செய்வது குற்றம். குற்றவாளி துறவியாக இருந்தால் அவரை விசாரிப்பது திருச்சபை நீதிமன்றம், அது தூக்கிலிடாது. பாவசங்கீர்த்தனத்தில், அதாவது குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் சடங்கில், கேட்டதை வெளியிட்டுக் கொலைகாரனைப் பிடிக்கும் குருவும் வேண்டாம்: 1215இல் கூடிய லாத்தரன் திருச்சபைப் பொதுச்சங்கத்தின் தீர்ப்புப்படி அவர் பதவி பறிக்கப்பட்டு, ஆயுள் முழுதும் தவம் செய்யக் கடுமையான மடத்துக்கு அனுப்பப்படுவார்.

நஞ்சை இரசாயனமாகக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. ஆர்செனிக்குக்கான மார்ஷ் சோதனை வந்ததே 1836இல். வாந்தி, கண்மணியின் விரிவு, விரலில் படிந்த மை ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அமெரிக்காவிலிருந்து பிற்பாடு வந்த தக்காளி, உருளைக்கிழங்கு சாப்பாட்டு மேசையில் கூடாது என்பது சொல்லாமலே விளங்கும்.

அதே மேசையில் எல்லாருக்கும் பொதுவான பாத்திரத்தில் நஞ்சு கலந்து ஒருவரை மட்டும் கொல்வதும் நடக்காது. ஒருவரை மட்டும் குறிவைக்க வேண்டுமானால் பெனடிக்ட் ஒழுங்குநூலின் 38ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். உணவு வேளையில் உரக்க வாசிக்க வாரம் ஒருவர் நியமிக்கப்படுவார். வாசிக்கத் தொடங்குமுன் தண்ணீர் கலந்த திராட்சை இரசம் அவருக்கு மட்டும் தரப்படும். அவர் உண்பது பிறகு, சமையல் முறைக்காரர்களோடு.