ஆள் கடத்தலோ என்று சந்தேகம் வந்தால் செய்யக்கூடாதவை

ஆள் கடத்தல், அதாவது சுரண்டுவதற்காக ஆட்களைக் கொண்டுவந்து வைத்திருப்பது, என்றதும் சங்கிலியையும் பூட்டிய அறையையும் தேடுவதுதான் முதல் தவறு. பல இடங்களில் கதவு திறந்தேதான் இருக்கிறது. தரகர் வட்டியேற்றிக்கொண்டே போகும் கடன், முதலாளியின் அலமாரிக்குள் போய்விட்ட பாஸ்போர்ட், "நீ ஓடினால் உன் தங்கை இங்கே வருவாள்" என்ற ஒரு வார்த்தை, இவை போதும், பூட்டே தேவையில்லை.

"அவள் விரும்பித்தானே வந்தாள்?" என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஆள் கடத்தலைத் தடுக்க 2000-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட சர்வதேச உடன்படிக்கையான பலெர்மோ நெறிமுறை இதற்குத் தெளிவாகவே பதில் சொல்லியிருக்கிறது. ஏமாற்றியோ மிரட்டியோ சுரண்டலுக்காகக் கொண்டுவந்திருந்தால், அவர் தந்த சம்மதம் செல்லாது. 18 வயது நிரம்பாதவர் என்றால் ஏமாற்றினார்களா, மிரட்டினார்களா என்றுகூடப் பார்க்க வேண்டியதில்லை. எல்லை தாண்டியிருக்க வேண்டும் என்பதும் இல்லை. சொந்த ஊருக்குள்ளேயே இது நடக்கிறது.

இன்னொரு பக்கம், ஒரே ஓர் அறிகுறியை வைத்துத் தீர்ப்பெழுதுவதும் தவறு. கட்டாய உழைப்பை அடையாளம் காண சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 11 அறிகுறிகளைச் சொல்கிறது: சம்பளத்தை நிறுத்திவைப்பது, அடையாள ஆவணங்களைப் பறித்துக்கொள்வது, வெளியே போகவிடாமல் தடுப்பது என்று அந்தப் பட்டியல் நீளும். ஒரு மருத்துவமனையை நினைத்துக்கொள்ளுங்கள். செவிலியர் அந்தப் பெண்ணிடம் பெயர் கேட்கிறார். அவள் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கிறாள். பதில் அவரிடமிருந்து வருகிறது. அவளுடைய அடையாள அட்டையும் அவர் சட்டைப்பையிலிருந்துதான் வருகிறது. கூச்ச சுபாவம், மொழி தெரியாமை என்று தனித்தனியே காரணம் சொல்லிவிடலாம். எல்லாம் சேர்ந்து வரும்போதுதான் கவனிக்க வேண்டும். அப்போதும் கூட வந்தவரையே மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். அந்தக் கூட வந்தவர் பெண்ணாக இருந்தாலும்தான்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, நாமே மீட்கப் புறப்படுவது. முதலாளியிடம் போய் நியாயம் கேட்டுவிட்டு நாம் வீட்டுக்கு வந்துவிடுவோம். அன்றிரவு அடி வாங்குபவர், நாம் மீட்க நினைத்தவர். மறுநாள் அவரை வேறெங்கோ மாற்றிவிடுவார்கள். அதன்பின் யாராலும் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம். உதவி எண்ணைச் சீட்டில் எழுதிக் கையில் திணிப்பதும் அப்படித்தான்: அந்தச் சீட்டு அகப்பட்டால் என்ன ஆகும்? படமெடுத்து வாட்ஸ்அப்பில் பரப்புவது அவரைக் காட்டிக்கொடுப்பதற்குச் சமம்.

உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் காவல்துறையின் அவசர எண். சிறுவர் சிறுமியர் என்றால் காத்திராமல் குழந்தைகள் உதவி எண். மற்றபடி ஆள் கடத்தலுக்கான உதவி எண்ணை அழையுங்கள். ஊகத்தைச் சொல்லாதீர்கள், கண்டதைச் சொல்லுங்கள். "அங்கே கொத்தடிமை வைத்திருக்கிறார்கள்" என்பதை வைத்து யாராலும் அதிகம் செய்ய முடியாது. "செவ்வாய் இரவு 9 மணி, பின்வாசல், வெள்ளை வேன், இறங்கியவர்கள் ஆறு பேர், அவர்கள் உள்ளே போனதும் வெளியிலிருந்து தாழ் போட்டார்கள்" என்றால் விசாரணை தொடங்க முடியும்.

சிக்கியிருப்பவரோடு தனியே பேச நேர்ந்தால், "உன்னைக் கடத்தி வந்தார்களா?" என்று ஆரம்பிக்காதீர்கள். பலருக்குத் தங்கள் நிலைக்கு அப்படி ஒரு பெயர் இருப்பதே தெரியாது. "சம்பளம் உங்கள் கையில் வருகிறதா? நினைத்தால் வெளியே போக முடிகிறதா?" என்று கேளுங்கள். மறுத்தால், அடைத்துவைத்தவருக்கே பரிந்து பேசினால், பொய் சொல்கிறார் என்று கோபப்படாதீர்கள். பயமும் கடனும் அப்படிப் பேசவைக்கும். நம்மால் நிறைவேற்ற முடியாத வாக்குறுதி எதையும் தராதீர்கள்.

தகவல் கொடுத்த பிறகு, என்ன ஆயிற்று என்று பார்க்க அந்த வீட்டுப் பக்கம் போகாதீர்கள். அங்கே காவல் நிற்பவர்கள் புது முகங்களைத்தான் முதலில் கவனிப்பார்கள்.