வெள்ளம் வடிந்தபின் வீட்டு மின்கருவிகளை மீட்டெடுத்தல்

2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியபின், பழுதுபார்க்க என் கைக்கு வந்த கருவிகளில் பல, நீர் வடிந்த அன்று மாலையே அவசரமாக மின்சாரம் கொடுத்துப் பார்த்ததால் கருகியவை. மின்சாரம் பாயாத நிலையில் நனைந்த போர்டு (கருவிக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகை) பெரும்பாலும் பிழைத்துவிடும். ஈரமும் சேறும் ஒட்டியிருக்க மின்சாரம் பாய்ந்தால் செம்புப் பாதைகள் சில நிமிடங்களிலேயே அரிக்கப்பட்டுவிடும். ஆகவே நனைந்த எதையும் பிளக்கில் செருகிச் சோதிக்காதீர்கள்.

முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். அந்தப் பெட்டியே நனைந்திருந்தாலோ, நீரில் நின்றபடிதான் அதை எட்ட முடியும் என்றாலோ தொடாமல் மின்வாரியத்துக்குச் சொல்லி, கம்பத்திலேயே இணைப்பைத் துண்டிக்கச் செய்யுங்கள். பலரும் மறந்துபோவது இன்வெர்ட்டர்: மெயின் அணைந்த நொடியே அது வீட்டு வயர்களுக்கு 230 வோல்ட் கொடுக்கத் தொடங்கிவிடும். அதனால் அதையும் அணைத்து, உலர்ந்த இடத்தில் நின்று, பேட்டரியின் நெகட்டிவ் (–) முனை வயரை முதலில் கழற்றுங்கள்.

அடுத்த வேலை கழுவுவது. நனைந்த பொருளை மேலும் நனைப்பதா என்று தயங்குவார்கள். ஆனால் காவிரி வண்டல் களிமண் நுண்மையானது. காய்ந்தபின் போர்டிலுள்ள பாகங்களின் உலோகக் கால்களுக்கிடையே இறுகிப் படிந்து, காற்றின் ஈரத்தை உறிஞ்சி மீண்டும் மீண்டும் கசிவை உண்டாக்கும். ஆகவே சேறு காய்வதற்குள், கருவியைத் திறந்து, வயர் இணைப்புகளைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, போர்டைத் தனியே கழற்றி, மென்மையான பல்துலக்கியால் நல்ல நீரில் தேய்த்துக் கழுவுங்கள். திறக்குமுன் ஓர் எச்சரிக்கை: தொலைக்காட்சியின் பவர் போர்டிலுள்ள பெரிய கெப்பாசிட்டர் ஏறத்தாழ 325 வோல்ட் தேக்கிவைத்திருக்கலாம், அதை மல்டிமீட்டரில் அளந்து, மின்னழுத்தம் முற்றிலும் இறங்கியதை உறுதிசெய்யாமல் கைவைக்கக் கூடாது. மைக்ரோவேவ் அடுப்பில் இது ஆயிரக்கணக்கான வோல்ட் என்பதால், அதை வீட்டில் திறக்கவே வேண்டாம்.

கடலோரப் பகுதிகளில் பல இடங்களில் நிலத்தடி நீரே உப்பாக இருக்கிறது. அதில் கழுவினால் சேறு போய் உப்பு தங்கும். கூரையில் படாமல், வானத்திலிருந்து நேரே பாத்திரத்தில் பிடித்த மழைநீர் அதைவிட எவ்வளவோ மேல். இறுதியாக, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுவதற்கென விற்கும் டிஸ்டில்டு வாட்டரில் அலசி, கிடைத்தால் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தூரிகையால் பூசினால், மூலைகளில் தேங்கிய ஈரமும் வெளியேறிவிடும். இது எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்பருகே வேண்டாம். ஸ்பீக்கரையும் திரையையும் கழுவக் கூடாது. திரையின் அடுக்குகளுக்குள் நீர் புகுந்திருந்தால் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் டெல்டாக் காற்றே ஈரமாக இருப்பதால், நிழலில் விரித்து மட்டும் வைத்தால் பல நாள்கள் ஆகும். தகரப் பெட்டிக்குள் 60 வாட் குண்டு பல்பை எரியவிட்டு, காற்று வெளியேற இடம் விட்டு, பல்பில் படாத தொலைவில் போர்டை இரண்டு மூன்று நாள் வையுங்கள். கைப்பேசியை அரிசிப் பானையில் புதைப்பதால் பயன் இல்லை. மாவுத்தூள்தான் சார்ஜ் துளைக்குள் புகும். நனைந்த லித்தியம் பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் செய்யாமல், எரியும் பொருள்கள் அருகில் இல்லாத திறந்தவெளியில் வைத்துவிடுங்கள்.

முதன்முறை மின்சாரம் கொடுப்பதைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. அவர் தொலைக்காட்சியை 100 வாட் குண்டு பல்புடன் சீரிஸில், அதாவது பல்பு வழியாகவே மின்சாரம் தொலைக்காட்சிக்குப் போகும்படி, இணைத்துப் பார்ப்பார்: பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் நல்ல அறிகுறி, முழு ஒளியில் நின்று எரிந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது. மிக்ஸி, கிரைண்டர், மோட்டார் ஆகியவற்றுக்கு இச்சோதனை பொருந்தாது, ஏனெனில் அவற்றில் பல்பு எப்படியும் எரியும். வைண்டிங்குக்கும் (மோட்டாரின் கம்பிச்சுற்று) கருவியின் உலோக உடலுக்கும் இடையே 500 வோல்ட் மெகரால் (மின்காப்பை அளக்கும் கருவி) அளந்து, ஒரு மெகஓமுக்குக் குறைவாகக் காட்டினால் இன்னும் உலர்த்த வேண்டும். பேரிங்கில் சேறு புகுந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் கடல்நீரில் ஊறிய போர்டில் பச்சைப் படலம் படர்ந்து, பாதைகள் கருத்திருந்தால் செலவழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. இன்று ஓடினாலும் சில மாதங்களில் நின்றுவிடும்.

பிழைத்த கருவிகளை மீண்டும் பொருத்துமுன், நனைந்த சுவர்ப் பெட்டிகளையும் எர்த் இணைப்பையும் எலக்ட்ரீசியனைக் கொண்டு சோதித்து, 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்றை மாட்டச் சொல்லுங்கள். எர்த் சரியாக இருந்து, கருவியில் எஞ்சிய ஈரத்தால் மின்கசிவு அந்த அளவை எட்டினால், கை வைப்பதற்கு முன்பே அது இணைப்பைத் துண்டித்துவிடும்.